சிவப்புக் கார்

“ஒரிஜினல்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும் சார். கோயம்புத்தூர்க்காரர் இன்னைக்கே வந்து வாங்கிட்டுப் போயிருவாரு.”

ஜெரின் துணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொம்மைக் கார்.

இருதயநாதனுக்கு அலுப்பாக இருந்தது. வாத்தியார் வேலை ஓய்ந்த பிறகு பொழுது போகட்டும் என்று தொட்ட, பொம்மைக் கார் அசலா என்று பார்த்துச் சொல்லும் பழக்கம், இப்போது ஆளை விடமாட்டேன் என்கிறது. பழைய பொம்மைக் கார் சேர்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரே மாடலில் அபூர்வமான நிறம் கிடைத்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். விடுவார்களா நம் ஆட்கள்? சாதாரணக் காருக்குப் பெயின்ட் அடித்து, அபூர்வம் என்று நாகல் நகரில் இவர் வீடு வரை தேடி வந்து நீட்டுகிறார்கள்.

ஒரிஜினல் என்றால் கும்பிடுவார்கள். அடிச்சது என்றால், ஏதோ இவரே பெயின்ட் அடித்த மாதிரி முறைத்துவிட்டுப் போவார்கள். அந்த இரண்டில் ஒன்றைத்தான் இருதயநாதன் சொல்வார். ஏன், எப்படி என்று தலைகீழாக நின்று கேட்டாலும் வாய் திறக்கமாட்டார். சொன்னால், அடுத்தவன் அந்தத் தப்பைத் திருத்திக்கொண்டு இன்னும் நன்றாக அடிப்பான்.

“இந்த மாடல்ல சிவப்பு ரொம்பக் கம்மியாம் சார். நெட்ல பாத்தேன். மகள நர்சிங்ல சேக்கணும், இத நம்பித்தான் இருக்கேன்.”

“வேணாம்டா,” என்றாள் கூட வந்திருந்த அக்கா ஷைனி. உள்ளே வந்து உட்காராமல் நிலைப்படியிலேயே நின்றாள். “என் வளையல அடகு வச்சுப் பீஸக் கட்டிருவோம்னு சொல்றேன்ல. எடுத்துட்டு வா, போவோம்.”

“பாருங்க சார். சின்னாளபட்டியில பஸ் ஏறுனதுல இருந்து இதே பாட்டு. அப்பா துபாய்ல இருந்து வரும்போது ஆளுக்கொரு கார் வாங்கிட்டு வந்தாரு. எனக்குச் சிவப்பு, இவளுக்கு மஞ்சள். இவ கொஞ்ச நாள்லயே தொலைச்சுட்டு வந்து நின்னா. அப்பா பெல்ட்டக் கழட்டி வெளுத்துட்டாரு. நான் அன்னையில இருந்து கண்ணாடி அலமாரிய விட்டு இத எடுத்ததே இல்ல. இப்ப எனக்கு நாலு காசு வரப்போகுதுன்னதும் வயித்தெரிச்சல்.”

ஷைனி வாசல் பக்கம் திரும்பி நின்றாள். தலை நரைத்த பிறகுமா ஒரு பொம்மைக்கு இம்புட்டுப் பொறாமை என்று இருதயநாதனும் நினைத்துக்கொண்டார்.

காரைப் புரட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அடிப்பக்கத் தகட்டை இறுக்கியிருக்கும் ரிவெட்டை யாரும் தொடவில்லை. பரவாயில்லையே என்றிருந்தது. அப்புறம் டார்ச்சை அடித்துச் சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் பார்த்தார். காரை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“அடிச்சது.”

ஜெரினுக்கு முகம் தொங்கிப்போனது. “என் வீட்ட விட்டுப் போனதே இல்லையே சார்” என்றவன், சட்டென்று அக்கா பக்கம் திரும்பினான்.

“போன மாசம் நாங்க வேளாங்கண்ணி போனப்ப வீட்டுச் சாவி உங்கிட்டதான இருந்துச்சு? நீ மாத்தி வச்சுட்ட. அதான் இங்க வரவேணாம்னு குதிச்ச. எம்புள்ள படிப்புல மண்ணப் போட்டுட்டியேக்கா.”

“சரி, நான்தான்னே வச்சுக்க,” என்றாள் ஷைனி. “கார எடு. வீட்டுக்குப் போவோம்.”

காபியோடு வந்த ஜெயமேரி, இன்னைக்கும் ஒரு பஞ்சாயத்தா என்பது போலப் புருஷனைப் பார்த்தாள்.

இருதயநாதன் பேசாமல் இருந்திருக்கலாம். ஒற்றைச் சொல்லோடு அவர் வேலை முடிந்தது. ஆனால், பழியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அந்த அம்மா கிளம்பியது அவருக்குப் பொறுக்கவில்லை.

“இருங்க தம்பி. ஏமாத்துறவன் ரிவெட்ட உடைச்சு, கார முழுசாக் கழட்டி, பழைய பெயின்ட்டச் சுரண்டிட்டுத்தான் புதுசா அடிப்பான். இத யாரும் கழட்டவே இல்ல. மேலாப்புல அப்பியிருக்கு, கண்ணாடி ஓரமெல்லாம் செவப்பு. அதுவும் போன மாசம் அடிச்சதில்ல. காஞ்சு, வெடிப்பு விட்டுப் பல வருசம் ஆச்சு. ஊடால ஜிகினாத் தூள் வேற. கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு அடிச்ச மிச்சமா இருக்கும். இது விக்கிறதுக்குச் செஞ்ச வேல இல்ல தம்பி. ஒரு சின்னப்புள்ள கை.”

டார்ச்சையும் லென்ஸையும் அவன் பக்கம் தள்ளினார். “சக்கரத்துக்கு மேல பிரஷ் போகாத எடம் ஒன்னு இருக்கு. நீங்களே பாருங்க.”

ஜெரின் பார்த்தான்.

உள்ளே மஞ்சளாக இருந்தது.

“அக்கா,” என்றான். “அப்ப என் கார் எங்க?”

ஷைனி அவன் கையிலிருந்த காரை வாங்கி, பழையபடி துணியில் சுற்றினாள்.

“ஆத்தூர் டேம்ல. வெவரம் தெரியாத வயசுல, கப்பலு மாதிரி மெதக்கும்னு நீதான்டா விட்ட. அப்பா பெல்ட்டுக்கு நீ தாங்கமாட்ட. எந்திரி, அடகுக்கடை சாத்துறதுக்குள்ள போவோம்.”