மேல்வீட்டு அம்மையாரின் புகார்

ஹனோவர் நகரத்து அடுக்குமாடிகளில் பகல் ஒன்று முதல் மூன்று வரை ஓசை எழுப்புவது பெருங்குற்றம். ஆயினும் ஊவே டீட்ஜென் ஒன்பது ஆண்டுகளாக அந்நேரத்தில்தான் டூபா என்னும் பெரிய பித்தளைக் குழலை முழக்கிவந்தார். மேல்வீட்டு ஆலர்ஸ் அம்மையாருக்குக் காது அறவே கேளாது என்பதே அவரது துணிவு.

அந்த அம்மையாரின் மூளைத்தண்டில் இப்போது மின்கருவி பொருத்திவிட்டார்கள். அதன் காதோரக் கருவியிலுள்ள செயற்கை நுண்ணறிவு நரம்பு வலை ஒன்று ஒலிகளைத் தரம் பிரித்து மூளைக்கு அனுப்புமாம். டீட்ஜென் குழலை உறையிலிட்டார்.

மூன்றாம் நாள் அம்மையாரே வந்து கதவைத் தட்டினார்.

"ஒன்பது வருஷமா வாசிச்சது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

டீட்ஜெனுக்கு வியர்த்துக் கொட்டியது. "மன்னிச்சிடுங்கம்மா! நிர்வாகத்துக்கு எழுதிடாதீங்க, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"எழுதத்தான் போறேன். ஏன் நிறுத்தினீங்க? தினமும் வெறுங்காலோட தரையில நின்னு அந்த அதிர்வை ரசிச்சவ நான். அதைக் காதால கேக்கத்தானே தலையைத் திறக்கவே சம்மதிச்சேன்! வாசிங்க!"

டீட்ஜென் கண்கலங்க, கன்னம் உப்ப, சன்னல்கள் அதிர வாசித்து முடித்தார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார் அம்மையார்.

"இப்பத்தானேம்மா முடிச்சேன்!"

அம்மையார் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அதில் நரம்பு வலையின் தீர்ப்பு ஒளிர்ந்தது: 'குப்பை வண்டி இரைச்சல். நீக்கப்பட்டது.'

அவர் காதோரக் கருவியை வெடுக்கெனக் கழற்றினார்.

"நான் மேல போய்ச் செருப்பைக் கழட்டறேன், நீங்க முதல்லேருந்து வாசிங்க. என் காலுக்கு இருக்கற ரசனை இதுக்கு இல்ல!"