வயதுக்கு ஒரு அடி

கருவைக் கலைக்க அனுமதித்து நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வாரம், பிறக்காத பிள்ளைகளுக்காக மாதா கோயிலில் துக்க மணி அடிக்கப்படும் என்று புதிய பங்குச்சாமி பூசையில் அறிவித்தார். இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி என்பது அந்த ஊர் வழக்கம். சாயங்காலம் கோயில் முற்றத்தில் சனம் மெழுகுதிரியோடு கூடிவிட்டது. மணியடிக்கும் தொம்மை கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

“எத்தனை அடி சாமி?”

“வயசே இல்லாத பிள்ளைங்கதானே. ஒண்ணு போதும்.”

“எல்லாப் பிள்ளைக்கும் சேத்தா?”

“எல்லாருக்கும்தான். அடிங்க.”

 பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, செத்தே பிறந்த மகளுக்காக ஒரே ஒரு அடி கேட்டு இதே இடத்தில் தொம்மை நின்றான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மணி கிடையாது என்று அப்போதிருந்த சாமி சொல்லிவிட்டார். கல்லறை மதிலுக்கு வெளியே புதைத்துவிட்டு வந்து, மறுநாள் பூசைக்கு அவனே மணி அடித்தான்.

இப்போது இழுத்தான். சனம் முழந்தாளிட்டுச் செபத்தைத் தொடங்கியது. அவன் நிறுத்தவில்லை. மூன்றாவது அடியில் செபம் தடுமாறியது. ஏழாவது அடியில் சாமி ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணுன்னுதானே சொன்னேன்? யாருக்குய்யா இத்தனை?”

தொம்மை கயிற்றை விடவில்லை. கூட்டத்திலிருந்து அவன் மனைவி பிலோமி எழுந்து வந்தாள். மெழுகு விரலில் உருகி வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“கயித்த விடுங்க சாமி,” என்றாள். “அவளுக்கு இன்னும் அஞ்சு இருக்கு.”