ராணுவத்துக்குப் போகாத மகன்

“உங்க பையன் ஏன் சார் ராணுவத்துக்குப் போகலை?”

தென்கொரியாவின் குன்சான் மீன் சந்தையில் நாலைந்து மைக்குகள் முகத்துக்கு நேரே நீண்டன. மா கியூ-தே இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார்.

“ஊரான் பிள்ளை கட்டாயமா ஒன்றரை வருஷம் எல்லையில குளிர்ல நிக்கணும். எம்.பி. ஆகப்போறவர் பிள்ளை மட்டும் வீட்ல காலை நீட்டிப் படுக்கணுமோ?” கணவாய் விற்கிற அம்மாள் முதுகுக்குப் பின்னால் கத்தினாள்.

மா கியூ-தே இருபது வருஷம் தொலைக்காட்சி நிருபராக இருந்து, இதே கேள்வியால் பெரிய மனிதர்களை விரட்டியவர். இப்போது வேட்பாளர். தேர்தலுக்கு மூன்றே நாள்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பிரச்சார மேலாளர் கூ தோங்-சிக் பொரிந்து தள்ளினார்.

“பையனோட ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிட்டா முடிஞ்சுது ஐயா. இல்லேன்னா தோத்துடுவோம்.”

“காட்டமாட்டேன்.”

“அப்ப ஏதோ தில்லுமுல்லுன்னுதானே ஜனம் நினைக்கும்?”

மா கியூ-தே அடித்துக்கொண்டிருந்த போனை அணைத்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளூர் நாளிதழ் நிருபர் பே சூ-யோன் வந்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

மகன் இன்-உவின் மருத்துவ அறிக்கை. கடுமையான மனச்சோர்வு. இரண்டு தடவை தற்கொலை முயற்சி.

அவர் சட்டென்று உள்ளங்கையால் தாளை மூடினார். “இது... உங்களுக்கு எப்படி?”

“யாரோ தபால்ல அனுப்பினாங்க. நாளைக்கு முதல் பக்கத்துல போட்டா நீங்க ஜெயிச்சுடுவீங்க சார். ஏமாத்தலைன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்.”

“வேண்டாம்மா.”

“தோத்துடுவீங்க.”

“தோத்துட்டுப் போறேன். இப்பத்தான் ஒரு பேக்கரியில வேலைக்குச் சேர்ந்திருக்கான். ரெண்டு மாசமாத்தான் சிரிக்கவே செய்யறான். இது வெளியில வந்தா...”

அந்தச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுவிட்டார்.

அவள் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

“மக்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா சார்?”

“என்னைப் பத்தி என்ன வேணா எழுதுங்க. அவன் என்னம்மா பாவம் பண்ணினான்? அவனா தேர்தல்ல நிக்கறான்?”

சூ-யோன் தாளை நாலாகக் கிழித்து அவர் கையில் திணித்தாள்.

“என்கிட்ட வேற பிரதி கிடையாது.”

“எதுக்கும்மா எனக்காக இவ்வளவு பெரிய...”

“உங்களுக்காக இல்லை. பதினெட்டு வருஷம் முன்னாடி, நகர சபை உறுப்பினரா இருந்த எங்கப்பாவும் உங்க முன்னாடி இப்படித்தான் மண்டி போட்டார். ராணுவத்துக்குப் போகாத எங்கண்ணனோட ஆஸ்பத்திரிச் சீட்டை நீங்க ராத்திரிச் செய்தியில வாசிச்சீங்க.”

அவர் முகம் வெளிறியது.

“உங்கண்ணன்... இப்ப எங்கேம்மா இருக்கார்?”

அவள் கதவைத் திறந்தாள்.

“இருந்திருந்தா, இந்த மாசம் நாற்பது வயசு சார்.”