கோணல் மாலை

“இதெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கு தங்கச்சி. அதான் மெட்ராஸ்ல ஒருத்தனும் தொட மாட்டேங்கறான்.”

வியாபாரி சொக்கலிங்கம் அட்டைப்பெட்டிகளை விசாலாட்சியின் முன்னால் தள்ளினார். போன கப்பலில் அவரிடம் விற்கக் கொடுத்தனுப்பிய சிப்பி மாலைகள், பிரிக்காத பெட்டிகளாகவே திரும்பி வந்திருந்தன.

விசாலாட்சிக்குப் புரியவில்லை. ஒழுங்காக இருப்பது எப்படிக் குற்றமாகும்?

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி விளக்கினார். அந்தமான் மாலை என்றால் காட்டு ஜனங்கள் கோத்தது என்று நம்பித்தான் வாங்க வருகிறார்களாம். நீலத்தாள் ஒட்டிய பெட்டியில், பஞ்சு மெத்தைமேல், அச்சில் வார்த்த மாதிரி கிடந்தால் எவன் நம்புவான்?

“கொஞ்சம் ஜங்லியா இருக்கணும்மா. கோணல் மாணலா. பெட்டியும் வேண்டாம், ஓலையில சுத்திக் குடு. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன், நாளைக்குக் கப்பல்.”

“அவங்க கோணலாத்தான் கோப்பாங்கன்னு யார் அண்ணாச்சி சொன்னது?”

ஆஸ்பத்திரி வரிசையில் ஒருமுறை, கார் நிக்கோபார் தீவிலிருந்து வந்த பழங்குடி அம்மாள் ஒருத்தியின் கழுத்தில் சிப்பிச் சரம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அத்தனை சிப்பியும் ஒரே அளவு, ஒரே சாய்வு. அன்று வீட்டுக்கு வந்ததும் தன் மாலைகளையெல்லாம் அறுத்துப்போட்டு, முதலிலிருந்து கோத்தாள்.

சொக்கலிங்கம் சிரித்தார். “நிஜம் யாருக்கு வேணும்? வாங்குறவன் என்ன நினைக்கிறானோ அதுதான் சரக்கு.”

அவர் போனபின் பெட்டிகளைத் திறந்து மாலைகளைத் தரையில் பரப்பினாள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

கடல் வற்றும் நேரம் பார்த்துப் பொறுக்கி, உள்சதையை எறும்பு தின்னட்டும் என்று மணலில் புதைத்து, நாற்றம் போகக் கழுவி, துளை போடும்போது உடைந்ததெல்லாம் போக மிஞ்சிய சிப்பிகள் அவை. அவர்கள் குடியிருக்கும் லம்பா லைனில் அந்த நாற்றத்துக்காக அக்கம்பக்கத்தாரிடம் அவள் கேட்காத பேச்சு இல்லை.

சரி, வேறு வழியில்லை. ஒரு மாலையை அறுத்தாள். ஊசியில் நைலான் நரம்பைக் கோத்து, வேண்டுமென்றே பெரிய சிப்பிக்குப் பக்கத்தில் சின்னதைப் போட்டாள்.

பார்த்தால் அதிலும் ஒரு வரிசை வந்திருந்தது. பெரிசு, சின்னது, பெரிசு, சின்னது.

கண்ணை மூடிக்கொண்டு கோத்தாள். கண் பார்க்காததை விரல் பார்த்துக்கொண்டது.

“சனியனே!” என்று மாலையை வீசினாள். நரம்பு அறுந்து சிப்பிகள் தரையெங்கும் ஓடின.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் கண்ணையா வந்தான். சனிக்கிழமை, சாத்தம் மரமில்லில் அரைநாள் வேலை. தலையெல்லாம் மரத்தூள், சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

அந்தப் பொத்தானைப் பார்த்ததும் விசாலாட்சிக்கு யோசனை வந்தது. கட்டின நாள் முதல் இந்த மனுஷன் எதையாவது நேராகச் செய்து அவள் பார்த்ததில்லை. சிப்பி வேலைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை.

“இன்னிக்கு ஒருநாள் கை குடுங்க. எப்படி வந்தாலும் பரவாயில்ல” என்றாள். காரணம் சொல்லவில்லை. சொக்கலிங்கம் போனபிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

அவன் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவளும் கோணலாக வருமா என்று இன்னும் இரண்டு மூன்று கோத்துப் பார்த்துவிட்டு, தென்னோலையைக் கிழித்து மாலைகளுக்குப் பொதி செய்தாள். கோபத்தில் ஓலை ஓலையாகப் பாழானது. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சாயங்காலம் அவன் மாலைகளை நீட்டினான். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. பாதிச் சிப்பி குப்புறக் கிடந்தது. கேட்டது இதுதான், வந்ததும் இதுதான். ஆனாலும் தன் இத்தனை வருஷ உழைப்புக்கு எதிரில் இந்த அசட்டை ஜெயிக்கப்போகிறதே.

ஜெயிக்கவும் செய்தது.

“அரே வாஹ்! இதுதான் சரக்கு!” சொக்கலிங்கம் கண்ணையா கோத்ததையெல்லாம் பையில் அள்ளினார். விசாலாட்சி கோத்ததை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். “உனக்கு இன்னும் ஒழுங்கு விடலையே, தங்கச்சி.”

படியிறங்கி அவர் தலை மறைந்ததும் அவள் கணவன் பக்கம் திரும்பினாள். விஷயத்தைப் போட்டு உடைக்க வாய் திறந்தாள்.

கண்ணையா இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்தான். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய சிவப்புப் புள்ளிகள். கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

“ஒவ்வொண்ணையும் அளவு பார்த்து அளவு பார்த்துத்தான் கோத்தேன் விசாலம். சரியா வரலேன்னு எத்தனை தடவை கழட்டினேன் தெரியுமா? உன் அளவுக்கு வராதுதான். ஆனா மனுஷன் என்னோடதை எடுத்துக்கிட்டாரே, பாத்தியா!”

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “அடுத்த கப்பலுக்குள்ள சொல்லிக் குடுத்துடு. உன்னுது மாதிரியே நேரா வரணும் எனக்கு.”

நேராக வந்தால் சொக்கலிங்கம் இந்தப் படி ஏற மாட்டார்.

விசாலாட்சி அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“முதல்ல அளவு பார்த்துப் பிரிக்கணும்” என்றாள். “சின்னதெல்லாம் இந்தப் பக்கம் வைங்க.”