பாதிப் பரவளையம்

நாற்பத்தொரு வரைபடத்தாள்கள். நாற்பதில் பரவளையம் பாதிதான் இருந்தது. ஒன்றில் மட்டும் முழுதாக இருந்தது.

ஏன் ஒன்றில் மட்டும்?

மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்த தாள்களைத் தரையில் பரப்பி, ஜோதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரைந்தவர் அவள் கணவர் தீனதயாளன். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர். ஐப்பசியில் ஒரு நாள் கரும்பலகையில் y = x² − 2x − 8 என்று எழுதிவிட்டுத் திரும்பியவர், அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன.

பேச்சு மிஞ்சியது. வலது கை மிஞ்சியது. வீட்டுக்கு வந்த மறுவாரமே கிராஃப் தாள் கேட்டார். மடியில் பலகையை வைத்து, கரும்பலகையில் விட்ட அதே கணக்கைத்தான் ஒவ்வொரு முறையும் வரைந்தார்.

வாயால் கேட்டால் ஒரு பிழை இருக்காது. வளைவு x அச்சை எங்கே வெட்டும்? மைனஸ் இரண்டில், நான்கில். அடிமுனை எங்கே? ஒன்றுக்கு நேரே, மைனஸ் ஒன்பதில். அந்த முனை வழியாக நிமிர்ந்து நிற்கும் கோடுதான் சமச்சீர் அச்சு. அந்தக் கோட்டில் தாளை மடித்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படியும். அதனால் ஒரு பாதிக்குக் கணக்குப் போட்டால் போதும், மறுபாதி இலவசம் என்பார் வகுப்பில்.

தாளில் அந்த இலவசப் பாதி வரவே இல்லை.

அடிமுனையில் தொடங்குவார். (2, −8), (3, −5), (4, 0), (5, 7). கோடு வலப்பக்கம் அழகாக ஏறும். இடப்பக்கம் வெறும் கட்டங்கள். "முடிஞ்சுது" என்று பென்சிலை வைத்துவிடுவார்.

கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோடு போனால் போகட்டும். ஜோதியை அறுத்தது வேறு ஒன்று. தினமும் காலையில் அவர் கேட்பார்: "ஜோதி இன்னும் வல்லியா?"

அவருடைய செத்த கையைத் தன் மடியில் வைத்து நீவியபடி அவள் பக்கத்தில்தான் இருப்பாள். "நாந்தானுங்க ஜோதி. இங்கதானுங்க இருக்கறேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தேடுவார். "சத்தம் கேக்குது. ஆளைத்தான் காணோம்."

மோகனூரிலிருந்து பார்க்க வந்த நாத்தனார் குப்பாயி சமையலறைக்கே வந்து நின்று கேட்டாள். "ஏன் அம்மிணி, எந்தம்பி உன்னையத் தேடித் தவிக்கறான். நீ அப்படி எங்கதான் போயிட்டுப் போயிட்டு வாரே?"

உடன் வேலை பார்த்த நவநீதகிருஷ்ணன் மெல்லச் சொன்னார். "மனசைத் தேத்திக்குங்கக்கா. சாருக்குக் கணக்கு மறக்கலை. ஆளுங்கதான் மறந்து போச்சு."

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். ஒரு சமன்பாடு அவர் மனதில் தங்கியது, அவள் தங்கவில்லை. ஜோதி அதை நம்பினாள். தை முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் அவர் கையை மட்டும் நீவுவாள்.

வாசலில் டெம்போ வந்து நின்றது.

"அக்கா, கட்டிலை எடுத்துக்கலாங்களா?"

வாடகைக் கட்டில். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து எடுத்துப்போகச் சொல்லியிருந்தாள்.

"செத்த நேரம் இருங்க" என்றாள்.

முழுப் பரவளையம் இருந்த தாளை எடுத்தாள். மூலையில் தேதி இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்த நாள். அன்று கட்டிலை முன்னறைக்கு இழுத்து, இடம் போதாமல் தலைமாட்டை மாற்றிப் போட்டிருந்தார்கள். பலகை சாமான்களுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. அதனால் அவருக்கு வலப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தாளை வைத்தாள்.

அன்று (−2, 0) வந்தது. (−3, 7) வந்தது. வரைந்து முடித்து நிமிர்ந்தவர், ஸ்டூலுக்கு அந்தப்புறம் நின்றவளைப் பார்த்துச் சிரித்தார். "எப்ப வந்தே?"

மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தாள். மறுநாள் கட்டில் பழைய இடத்துக்குப் போனது. அவர் மறுபடி ஜோதியைத் தேடினார்.

இரண்டு புள்ளிகள் வழியாக எத்தனை பரவளையம் வேண்டுமானாலும் போகும். மூன்றாவது புள்ளியும் கிடைத்துவிட்டால் ஒன்றே ஒன்றுதான் போக முடியும். இதுவும் அவர் வகுப்பில் சொல்வதுதான். ஜோதி புள்ளிகளை வைத்தாள். தாளின் இடப்பாதி. தட்டில் தினமும் தொடாமல் மிஞ்சிய இடப்பக்கத்து இட்லி. கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த தான்.

கடைக்காரர்கள் வாசலில் நிற்க, அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

வலப்பக்கம் சுவர். கதவும் ஜன்னலும், நான்கு மாதம் அவள் உட்கார்ந்த நாற்காலியும் இடப்பக்கம்.

அவர் கண் கெடவில்லை. நினைவும் கெடவில்லை. உடம்பின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஓர் உலகம் இருப்பதையே அவர் மூளை விட்டுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரலை இந்தப் பக்கம் தேடியிருக்கிறார்.

கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு, அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.