நல்ல விரல்

“கீதா! யாரும்மா கீதா?”

நர்ஸ் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் மகள் எழுந்தாள். அதுவும் சின்னாத்தாள் தொடையில் கிள்ளியதால். “பயந்தாங்கொள்ளிங்க” என்று நர்ஸிடம் அசடு வழிந்தபடி அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

எல்லாம் அந்த ஜில்லென்ற கலர் சோடாவால் வந்த வினை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் பாட்டிலை நீட்டியபோது, கல்யாணப் பெண்ணின் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரித்ததை மாப்பிள்ளையின் அத்தை பார்த்துத் தொலைத்துவிட்டாள். ‘ஒண்ணுமில்லைன்னு கோயமுத்தூர் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, நிச்சயம் பண்ணிக்கலாம்’ என்று தொண்டாமுத்தூரிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் சோமனூர் திரும்புவதில்லை என்று சின்னாத்தாள் ஒரே பிடியாக இருந்தாள்.

டாக்டர் கோவிந்தராஜுலு மகளின் மோதிர விரல் நகத்தின் அடியோரத் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார்.

“இந்தத் தோல்ல ரத்தக்குழாய் நல்லாத் தெரியுமுங்க. உள்ள வியாதி இருந்தா இங்கதான் மொதல்ல காட்டும்” என்றார். “குளிர்ல விரல் வெளுக்குமா கண்ணு?”

“மார்கழில மட்டுமுங்க... கொஞ்சமா.”

சின்னாத்தாள் முறைத்தாள். இல்லையென்று சொல்லு, இல்லையென்று சொல்லு என பஸ்ஸில் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னதென்ன, இவள் சொல்வதென்ன!

டாக்டர் ஒரு விரல் விடாமல் பார்த்தார். முதல் விரலை மறுபடியும் பார்த்தார். சின்னாத்தாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“லெட்டர் எழுதிக் குடுத்துருவீங்களாங்க?”

“சொல்றதுக்குக் கஷ்டமா இருக்குங்கம்மா. குழாயெல்லாம் வீங்கி, பாதி அழிஞ்சு கெடக்குது. தோல் இறுகற வியாதி. நாளைக்கு நுரையீரலுக்கும் போகலாம். முழுசாக் கொணமாக்க மருந்தில்லீங்க. ரத்தமும் பாத்துரலாம், ஆனா எனக்குச் சந்தேகமில்லை. கீதாவுக்கு அந்த லெட்டரை நான் எழுத முடியாதுங்க.”

மகளின் முகம் செத்துப்போயிற்று. சின்னாத்தாள் அவள் கையை இழுத்து, விரலிலிருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். எண்ணெய் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னொருக்கா நல்லாப் பாருங்க சாமி!”

“ரெண்டு தடவை பாத்தாச்சுங்க. தைரியமா இருங்க, கீதாவுக்கு நீங்கதான் தெம்பு சொல்லோணும்.”

சின்னாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கீதா ஊட்டுல இருக்கறாளுங்க... இவ அவ தங்கச்சிங்க.”