சார்ஜருக்கு வைத்த பொட்டு

கார் ஷெட்டின் சுவரில் சார்ஜர் மாட்டி ஒரு வருடமாயிற்று. மின்சாரக் கார்தான் வரவில்லை. "அடுத்த வருஷம் பேட்டரி இன்னும் நல்லா வரும்" என்று முதலாளி பொன்னுரங்கம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"உன்னை விட்டுட அவருக்கு மனசில்லை. நீயாவது போகக் கூடாதா, பெருசு?" என்றது சார்ஜர்.

"இருபது வருஷம் உழைச்சவனைக் கேக்கிற கேள்வியாடா இது?" என்று உறுமியது பழைய பெட்ரோல் கார்.

ஆயுத பூஜை வந்தது. பொன்னுரங்கம் காருக்குப் பொட்டு வைத்தார். பிறகு, அதன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, சார்ஜருக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

காருக்குப் புரிந்தது.

"தம்பி, வரப்போறவன்கிட்ட சொல்லு" என்றது சார்ஜரிடம். "அவருக்கு இடது கண் சரியாத் தெரியாது. கேட்டில் திரும்பும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போகணும். இத்தனை நாள் நான்தான் ஒதுங்கினேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."